பின் இருக்கையில் கேட்ட சத்தம்

"என்னா சத்தம் மாமா?" என்று கார் பழுது பார்க்கும் பட்டறைப் போமன் குணா என் கணவரைப் பார்த்துக் கேட்டான்.

கார் என்னுடையது. என் பெயரில் இருப்பது. அதை ஓட்டுவதும் நான்தான். சத்தம் கேட்கிறது என்று சொல்லி அன்று காலை அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவளும் நான்தான். சாவிகூட என் கையில்தான் இருந்தது. அவன் என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி, பின்னால் நின்றவரிடம் கேட்டான்.

அவரும் கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் சொன்னார். "சத்தம்லாம் ஒண்ணும் இல்ல குணா. இவளுக்குத்தான் கேக்குதாம். சும்மா ஒரு தரம் பாத்து வுட்ரு லா."

ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாய் சந்திப்புக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற பட்டறை அது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரச் சிமெண்டுத் தரையில் எண்ணெய் மிதந்துகொண்டிருக்க, பக்கத்துச் சீனக் கடையில் ரொட்டி வாட்டும் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

"நான் சொல்றேன் தம்பி" என்றேன். "எண்ணெய்ப் பெடல மிதிச்சாத்தான் வரும். சும்மா ஓடுறப்ப வராது. ஏத்தத்துல போறப்பவும், லோரிய முந்துறப்பவும் மிதிச்சா டப டப டபன்னு பின்னாலேருந்து வரும். கால எடுத்தா நின்னுரும்."

குணா மரியாதையாகத் தலையாட்டினான். ஆட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பி, "மாமா, ஒரு ரவுண்டு போலாமா?" என்றான்.

சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். அவர் ஓட்ட, குணா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் பட்டறையில் கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் காரின் சத்தத்தைக் கண்டுபிடிக்க, அதைக் கேட்ட ஒரே ஆளை விட்டுவிட்டுப் போனார்கள். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. பத்திரிகை ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

திரும்பி வந்து, "ஒண்ணும் இல்லக்கா. வெண்ணெ மாதிரி போவுது" என்றான் குணா. அவர் சிரித்தார்.

லோரிக்காரர் காது

என் கணவரைப் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் நல்லதாகவே எழுதியிருக்கிறேன். நல்லவர்தான். வேலை செய்த காலம் முழுக்க, ஆயர் தாவார்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி ஓட்டியவர். அந்தப் பழைய லோரிகளில் இஞ்சின் கிட்டத்தட்ட ஓட்டுபவர் மடியில்தான் இருக்கும்.

அதனாலேயே இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அவருக்கு ஒரு பெயர். யார் கார் முனகினாலும், "ராஜு அண்ணனக் கூப்புடு, அவரு காத வச்சாப் போதும்" என்பார்கள். அந்தக் காதின் கதை எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுச் செய்திகளை எதிர் வீட்டார் அவர்கள் வீட்டில் உட்கார்ந்தே கேட்கலாம், டிவி சத்தத்தை அவ்வளவு கூட்டி வைப்பார். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும்போது, "சோறு வக்கலியா?" என்று கேட்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர் ஓட்டும் விதம் வேறு. லோரிக்கால், மெதுவாகத்தான் மிதிப்பார். சிகரெட் பிடிப்பதால் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்திருப்பார். நானோ கண்ணாடியை ஏற்றி, ஏர்கோன் போட்டு, எப்போதும் நேரமாகிவிட்டது என்று மிதிக்கிறவள். அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் "எனக்குக் கேக்கல" என்பது வேறு. "சத்தம் இல்ல" என்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என் வாழ்க்கையில் எந்த ஆணுக்கும் விளங்கவைக்க என்னால் முடிந்ததில்லை.

யாருக்காக அந்தப் பயணம்

என் மகள் தாரணி கல்யாணமாகி ஆயர் தாவாரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு லூமுட்டில் வேலை, நினைத்தபோது விடுப்புக் கிடைக்காது. அவளுக்கு முதலில் உண்டானது தங்காமல் போனது. இரண்டாவது உண்டானதும், ஈப்போவில் பெரிய டாக்டரிடம்தான் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

அதனால் ஒவ்வொரு தடவையும் நான் ஈப்போவிலிருந்து போய் அவளை ஏற்றிக்கொண்டு வருவேன். டாக்டரைப் பார்த்துவிட்டு, ஓரிரு நாள் எங்கள் வீட்டில் வைத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவேன். பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று அவள் முன்னால் உட்கார மாட்டாள். பின் சீட்டில் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்வாள்.

அந்தச் சாலையில் குலை லோரிகளுக்குப் பின்னால் மாட்டினால் பொழுது போய்விடும். முந்த வேண்டும். முந்த மிதித்தால் டப டப டப. பாதி வழியான ஸ்ரீ இஸ்கண்டார் வருவதற்குள் அவள் தலையைப் பிடித்துக்கொள்வாள். ஈப்போ வரும்போது முகம் வெளுத்து, கண் சொருகி, இறங்கியதும் வாந்தி. வீட்டு ஜன்னலோரம் படுத்து எழுந்தால் தெளிந்துவிடும்.

மசக்கை என்றார்கள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் மசக்கை என்றார்கள். "சில பேருக்குப் பெத்து எடுக்குற வரைக்கும் இருக்கும்" என்றாள் அவள் மாமியார். எனக்கும் முன் சீட்டில் லேசாகத் தலை வலிக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

தே தாரிக் வைத்தியர்கள்

என் காரின் சத்தம் எங்கள் குடியிருப்புப் பக்கத்து மாமாக் கடை என்கிற முஸ்லிம் தேநீர்க் கடையில் பெரிய விவாதமானது. அவரும் அவர் கூட்டாளிகளும் தினமும் அங்கேதான் தே தாரிக் குடிப்பார்கள். நான் ஒரு நாள் ரொட்டி சானாய் பொட்டலம் கட்ட நின்றபோது, என் காதுபடவே பேசினார்கள்.

ஒருவர், "இஞ்சின் மௌண்டிங் போயிருக்கும்" என்றார். இன்னொருவர், "அப்சோர்பர்ப்பா" என்றார். கல்லாவில் இருந்த கடைக்காரரும் விடவில்லை. "பெட்ரோல மாத்திப் பாருங்க அண்ணே" என்றார். இவர்களில் ஒருவர்கூட அந்தக் காரில் ஒரு முறை ஏறியதில்லை.

கடைசியில் என் கணவர் முடித்து வைத்தார். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம். இவ மிதிக்கிற மிதிக்கு இஞ்சின் கத்தாம என்னா செய்யும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவருக்கென்று கட்டிய ரொட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மௌண்டிங்கையும் மாற்றினார்கள், அப்சோர்பரையும் மாற்றினார்கள். சத்தம் மட்டும் மாறவில்லை.

பிறகு வேறு வைத்தியம் தொடங்கியது. பிள்ளைத்தாய்ச்சி காரில் ஏறினாலே படுத்துவிடுகிறாள் என்றால் கண் பட்டிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் கொட்டாங்கச்சிக் கரி மூட்டி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு, காருக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்திவிடுவார். புகை சீட்டுத் துணியில் ஏறும் வரை திறக்க மாட்டார். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுவார். மகள் மேல் அவருக்கு உயிர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாரணி கையில் எப்போதும் ஒரு தைலக் குப்பி இருக்கும். நெற்றியிலும் மூக்கிலும் தடவிக்கொண்டே வருவாள். எங்கள் காருக்குள் தலையை விட்டால் கோயிலும் மருந்துக் கடையும் சேர்ந்து மணக்கும்.

டிரெஸர் கேட்ட கேள்வி

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செம்பனை வருவதற்கு முன் எங்கள் தோட்டம் ரப்பர்த் தோட்டம். ரப்பர்த் தகடுகளைக் கழியில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் அம்மாவுக்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சேலையில், முடியில், விரல் இடுக்கில் எல்லாம் புகை. தினமும் தலைவலி. ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டுதான் சமைப்பார்.

ஒரு தடவை தாங்க முடியாமல் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்பாவும் வந்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸர் வெள்ளைக் கால்சட்டையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பாவிடம் கேட்டார். "என்ன, ஒன் பொண்டாட்டிக்கு?"

"தலவலிங்க ஐயா. பொம்பளைங்களுக்கு வாரதுதானே" என்றார் அப்பா.

வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தல என்னுது. கேள்வி ஒங்க அப்பாவுக்கு."

அதோடு சரி. புகைத் தலைவலி என்பது எங்கள் குடும்பத்தில் நோயாக இருந்ததே இல்லை. மழை மாதிரி, அது பாட்டுக்கு வரும், போகும்.

எழுந்திரிக்காத பிள்ளை

ஏழாம் மாதம் முடியும் சமயம். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்ததால் சாம்பிராணி போடவில்லை. தாரணியும் தைலக் குப்பியை ஆயர் தாவாரில் மறந்து வைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

வழியெல்லாம் அடைமழை. கண்ணாடியை ஒரு விரல் இறக்க முடியவில்லை. லோரி லோரியாக வந்தது. மிதித்து மிதித்து முந்தினேன். சத்தம் அன்றைக்கு அதிகம். ரேடியோவை அணைத்துவிட்டு அதை மட்டுமே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "தாரணி, வந்துருச்சுமா" என்றேன். பதில் இல்லை. இறங்கிப் பின் கதவைத் திறந்து தோளைத் தட்டினேன். எழவில்லை. உலுக்கினேன். தலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சரிந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. காவல்காரர் ஓடிவந்து எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். மழைக்காற்று முகத்தில் அடித்த பிறகு அவள் கண்ணைத் திறந்து, "எங்கம்மா இருக்கோம்?" என்றாள். என் மேலேயே வாந்தி எடுத்தாள்.

வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அன்றிரவு வார்டில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவள் துப்பட்டாவைத் துவைக்க எடுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். முகம் துடைக்க அதைத்தான் எடுத்தேன். சாம்பிராணி வாசம் இல்லை, தைல வாசம் இல்லை. பஸ் நிலையத்தில், கிளம்புகிற பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால் அடிக்குமே, அந்த வாடை.

என் சொந்தக் காரின் பின் சீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்தேன். தலையணையை முகர்ந்து பார்த்தேன். அதிலும் அதே வாடை. எனக்கு வந்தது பயம் இல்லை. கொலைவெறி என்று சொன்னால் தப்பில்லை.

முன்னால இல்ல, பின்னால

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, மழையில் நனைந்துகொண்டே நேராக சிம்பாங் பூலாய்க்கு ஓட்டினேன். வீட்டுக்குப் போன் செய்யவில்லை.

குணா எட்டிப் பார்த்தான். "மாமா வரலியாக்கா?"

"வரல. நீ வா."

அவன் ஓட்டுநர் பக்கம் வந்து கதவில் கை வைத்தான். "அங்க இல்ல. பின்னால உக்காரு" என்றேன்.

"பின்னாலயா? நான் ஓட்டிப் பாத்தாத்தானேக்கா தெரியும்."

"அன்னைக்கு ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்து என்னா தெரிஞ்சிச்சு? ஏறு. ஏறி அந்தத் தலகாணில தல வச்சுப் படு. எம் பொண்ணு அப்படித்தான் வருவா."

சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஏறிப் படுத்தான். நான் கண்ணாடிகளை ஏற்றி ஏர்கோனைப் போட்டேன். கேமரன் மலைக்குப் போகிற பாதையில் திருப்பினேன். ஏற்றம் தொடங்கியதும் மிதித்தேன். அந்த மிதியில் தே தாரிக் கடை முழுக்க இருந்தது.

டப டப டப டப.

"கேக்குதாடா?" என்றேன். அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கேக்குதுக்கா."

"எங்கேருந்து?"

காதைத் தலையணையில் அழுத்திக் கேட்டான். பிறகு, "எனக்குக் கீழேருந்துக்கா" என்றான்.

நான் காலை எடுக்கவில்லை. அடுத்த வளைவில், "அக்கா, கண்ணாடிய எறக்குங்க" என்றான்.

"இன்னுங் கொஞ்சம்."

"அக்கா, கண்ணு எரியுது லா. தல கிர்ருங்குது. எறக்குங்கக்கா."

இறக்கினேன். அவன் தலையை வெளியே நீட்டி மழையைக் குடித்தான்.

பட்டறையில் காரைத் தூக்கிக் காட்டினான். பின் சீட்டுக்கு நேர் கீழே, புகை போகும் எக்ஸோஸ் குழாயில் ஒரு விரிசல். சும்மா நிற்கும்போது ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இஞ்சின் பாரம் இழுக்கும்போது வாயைத் திறக்கிறது. உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினால், தரைத் தகட்டில் இருந்த ரப்பர் மூடி எப்போதோ விழுந்து ஓட்டையாகக் கிடக்கிறது. புகை நேராக மேலே வந்திருக்கிறது. "இது ஆளத் தூங்க வச்சே முடிச்சிரும்க்கா" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

புகை வந்துகொண்டிருந்த காருக்குள் வெள்ளிக்கிழமை தோறும் கதவைச் சாத்திப் புகை போட்டிருக்கிறோம். கண் பட்டதாம், கண்.

குணா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "இருங்கக்கா, மாமாட்ட சொல்லிர்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை மெதுவாகத்தான் வந்தது. "கார் யாருது குணா?"

"ஒங்களுதுதான்க்கா."

"சத்தத்தக் கேட்டது யாரு?"

அதற்குள் போனில் அவர் குரல், "என்னா குணா, சொல்லு" என்று பட்டறை முழுக்கக் கேட்டது. குணா என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "அப்பறமாக் கூப்புடுறேன் மாமா" என்று வைத்துவிட்டான்.

புதுக் குழாய் மறுநாள்தான் வரும் என்றான். அதுவரை கண்ணாடியை இறக்கித்தான் ஓட்ட வேண்டும், பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. இந்தத் தடவை என்னிடம்தான் சொன்னான்.

தாரணி சொன்னது

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து அவளிடமும் சொன்னேன். அந்த டப டப சத்தம்தான் காரணம் என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் கேட்டுச்சும்மா" என்றாள்.

"என்னா கேட்டுச்சு?"

"அந்தச் சத்தம். ஒவ்வொரு தடவயும். என் முதுகுக்குக் கீழயே கேக்கும்."

"பின்ன ஏன்டி சொல்லல?"

"அப்பா இல்லன்னாரே. அப்பாவுக்குத் தெரியாத சத்தமா? நீங்க சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சொன்னா என்னையும் பாத்துச் சிரிப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

படித்த பெண். வங்கியில் வேலை பார்க்கிறவள். தன் முதுகுக்குக் கீழே கேட்ட சத்தத்தை, அப்பா இல்லை என்று சொன்னதற்காக இல்லை என்று நம்பப் பார்த்திருக்கிறாள். ஒரே காரில், ஒரே சத்தத்தை, அம்மாவும் மகளும் ஆளுக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டு போய்வந்திருக்கிறோம். அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அழவில்லை. கோபத்துக்கு வேறு வழி தெரியாததால் அழுதேன்.

இப்போது பேத்தி பிறந்துவிட்டாள், குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறாள். அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் இதையே பேசிக்கிட்டு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நல்லபடியாக முடிந்தது உங்களுக்கு. அவள் தலை சரிந்ததைப் பார்த்தவள் நான்.

தாரணியை வார்டில் விட்டுவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவர் வாசல் கேட்டருகே நின்றிருந்தார். குணாவிடம் பேசிவிட்டிருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் இறங்குவதற்குள் ஆரம்பித்தார்.

"நான் அப்பவே நெனச்சேன், எக்ஸோஸாத்தான் இருக்கும்னு. சரி விடு. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு."

நான் இறங்கினேன். சுற்றிப் போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்தேன்.

"ஏறுங்க" என்றேன்.

"எங்க?"

"சிம்பாங் பூலாய் மேடு வரைக்கும் போயிட்டு வரலாம். கண்ணாடிய ஏத்திக்கிறேன். நீங்க அந்தத் தலகாணில தல வச்சுப் படுத்துக்குங்க."

அவர் தலையணையைப் பார்த்தார். அதில் தாரணியின் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னா வெளயாட்டு இது" என்றார். குரல் வழக்கம்போல உயரமாக வரவில்லை.

"சத்தந்தான் இல்லியே. ஏறுங்க."

எதிர் வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

அவர் ஏறவில்லை.